விற்றமின் டி பரிசோதனை: அதே ஆய்வுகூடமா, வேறு ஆய்வுகூடமா, பரிசோதனையே வேண்டாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு முழங்கால் வலியும் உடற்சோர்வும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சனல் பண்ணிப் பார்த்த வைத்தியர் எழுதிக்கொடுத்தபடி இரத்தம் கொடுத்ததில், ஓர் ஆய்வுகூடம் அவருடைய விற்றமின் டி அளவு 18 என்கிறது. வீட்டார் கவலைப்பட்டு, அடுத்த கிழமை காலி வீதியிலுள்ள இன்னோர் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்க, அங்கே 26 வருகிறது. முதல் அறிக்கையில் எண்ணுக்கு அருகில் 'பற்றாக்குறை' என்றும், இரண்டாவதில் 'போதாமை' என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்நிலையில் அக்குடும்பத்தின் முன் சில வழிகள் உள்ளன: ஓர் ஆய்வுகூடத்தைத் தெரிந்தெடுத்து அதிலேயே நிலைத்திருக்கலாம், மூன்றாவது ஆய்வுகூடத்தை நாடலாம், மேலான முறையில் அளக்கும் இடத்தைத் தேடி அதிகப் பணம் கொடுக்கலாம், அல்லது எண்களை ஒதுக்கிவிட்டு, வைத்தியரிடம் கேட்டு மிதமான அளவில் குளிசை எடுக்கத் தொடங்கலாம்.

என் கணிப்பில், பெரும்பாலானோருக்கு எந்த ஆய்வுகூடம் என்பதை விட, ஒரே ஆய்வுகூடமாக இருப்பதே முக்கியம். அதற்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி, 18 என்ற எண்ணும் 26 என்ற எண்ணும் உண்மையில் வெவ்வேறு சிகிச்சைக்கு இட்டுச்செல்கின்றனவா என்பது. இக்கேள்வியைக் கேட்காமல் எண்களின் பின்னால் ஓடுவதால்தான் பணமும் நிம்மதியும் வீணாகின்றன. இப்பொதுவிதிக்கு அடங்காத சிலர் உண்டு. அவர்களுக்கு அளக்கும் முறையே முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதால் அவர்களைப் பற்றித் தனியே பார்ப்போம்.

இரண்டு அறிக்கைகளை அருகருகே வைப்பதற்கு முன் அலகைப் பார்ப்பது முதல் வேலை. கொழும்பில் கைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்றே இருக்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் லீற்றருக்கு இத்தனை நனோமோல் என்று தருவார்கள். முதல் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் இரண்டாவது எண் கிடைக்கும். ரொறன்ரோவிலிருக்கும் தங்கை தனக்கு 62 என்று வட்ஸ்அப்பில் சொல்ல, இங்கே 26 உள்ள அக்கா தன் எலும்பெல்லாம் உளுத்துப்போய்விட்டதாகப் பயப்படுவார். 26 ஐ மாற்றிப் பார்த்தால் 65, அக்காவுடையதுதான் சற்றுக் கூடுதல். உறவினர் பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கும் நமது குடும்பங்களில் இந்தக் குழப்பம் எளிதில் நேரக்கூடியது. இக்கட்டுரையில் இனி வரும் எண்கள் யாவும் மில்லிலீற்றருக்கான நனோகிராமில் அமைந்தவை.

பரிசோதனையின் பெயரையும் பார்க்க வேண்டும். உடலில் விற்றமின் டி எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதைக் காட்டுவது 25-ஹைட்ரொக்ஸி விற்றமின் டி. ஈரலில் உருவாகும் இப்பொருள் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று கிழமைகள் எடுக்கும். ஆகவே அது நேற்றைய வெயிலையோ நேற்றைய மீன் குழம்பையோ அல்லாமல், கடந்த சில வாரங்களின் நிலையைக் காட்டுகிறது. சிறுநீரகத்தில் உருவாகும் 1,25-டைஹைட்ரொக்ஸி விற்றமின் டி என்பது வேறு. செயற்படும் வடிவம் அதுதான் என்றாலும், சில மணித்தியாலங்களிலேயே அளவு மாறிவிடுவதாலும், பற்றாக்குறையின்போதுகூட இயல்பாகவோ உயர்ந்தோ காணப்படக்கூடும் என்பதாலும், சேமிப்பை அறிய அது உதவாது. பெயர்கள் இவ்வளவு நெருங்கியிருப்பதால், சீட்டில் எது எழுதப்பட்டது, அறிக்கையில் எது அளக்கப்பட்டது என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இனி, ஆய்வுகூடங்களின் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு வருவோம். பலரும் முதலில் சந்தேகிப்பது இரத்த மாதிரியை. சேகரிப்பு நிலையத்தில் எடுத்த இரத்தம் வாகன நெரிசலில் வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருக்கும் என்பார்கள். குளுக்கோசு, பொற்றாசியம் போன்றவற்றில் இச்சந்தேகம் நியாயமானது. 25-ஹைட்ரொக்ஸி விற்றமின் டி உறுதியான மூலக்கூறு. பிரித்தெடுத்த குருதித் தெளியத்தில் அது சாதாரண அறை வெப்பநிலையிலும் சில நாட்கள் மாறாமல் இருக்கும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதும் இதற்கு அவசியமில்லை. ஆகவே வேறுபாட்டின் காரணத்தை வழியில் அல்ல, அளக்கும் முறையில்தான் தேட வேண்டும்.

இப்பொருள் இரத்தத்தில் சுதந்திரமாகத் திரிவதில்லை. ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் விற்றமின் டியைக் காவுவதற்கென்றே உள்ள ஒரு புரதத்துடன் இறுகப் பிணைந்திருக்கும். எஞ்சியதில் பெரும்பங்கு அல்புமினுடன் ஒட்டியிருக்கும். பிணைப்பின்றி இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அளப்பதற்கு முன் அதை அப்புரதத்திலிருந்து முழுமையாகக் கழற்ற வேண்டும். அன்றாடப் பரிசோதனைகளைச் செய்யும் பெரிய தானியங்கி இயந்திரங்கள் பிறபொருளெதிரியைக் கொண்டு அளப்பவை. ரோஷ், அபொட், சீமென்ஸ், டயாசோரின் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் இயந்திரத்துக்கெனத் தனித்தனி இரசாயனப் பொதியைத் தயாரிக்கின்றன. புரதத்திலிருந்து கழற்றும் வேலையை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் செய்கிறது. பிறபொருளெதிரி எதைப் பற்றிக்கொள்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதும் பொதிக்குப் பொதி மாறுபடும். விற்றமின் டியின் இரு வகைகளில், டி3 இலிருந்து வந்ததை முழுமையாக அளக்கும் ஒரு பொதி, டி2 இலிருந்து வந்ததைக் குறைத்துக் காட்டலாம். உடல் கழித்துவிடத் தயாராக வைத்திருக்கும் 24,25-டைஹைட்ரொக்ஸி வடிவத்தையும் சேர்த்து எண்ணிவிடும் பொதிகளும் உண்டு.

மற்றைய முறை, திரவ நிறப்பகுப்பால் பொருட்களைப் பிரித்து, பின் திணிவு நிறமாலைமானியால் அளப்பது. எல்.சி.எம்.எஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இம்முறையில் டி2 ஐயும் டி3 ஐயும் தனித்தனியே காணலாம். கருவி விலையுயர்ந்தது, இயக்குவதற்குத் தேர்ச்சி பெற்ற ஆளும் நேரமும் வேண்டும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குழாய்கள் வரும் ஆய்வுகூடம் தானியங்கி இயந்திரத்தை விரும்புவதில் வியப்பில்லை.

வெவ்வேறு அளவுகோல்கள் ஒன்றோடொன்று பொருந்தாத சிக்கலை உலகம் இன்று நேற்று கண்டறியவில்லை. விற்றமின் டி அளவீட்டுக்கெனவே டெகாஸ் என்ற புறத் தர மதிப்பீட்டுத் திட்டம் 1989 இல் லண்டனில் தொடங்கியது. ஒரே மாதிரிகளை நாடுநாடாகப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி, யார் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்று அது காட்டுகிறது. 2010 இல் அமெரிக்காவில் விற்றமின் டி தரப்படுத்தல் திட்டம் ஒன்று அமைக்கப்பட்டு, நிஸ்ட் எனப்படும் தேசிய தர நிறுவனத்தின் உசாத்துணை அளவீட்டோடு மற்றவற்றைப் பொருத்தும் வேலை முறையாகத் தொடங்கியது. அன்றாட ஆய்வுகூடம் ஒன்றுக்கு அத்திட்டம் வகுத்த எல்லை இது: உண்மை அளவிலிருந்து சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது, திரும்பத் திரும்ப அளக்கும்போது சிதறல் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இந்த எல்லை எவ்வளவு தாராளமானது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உண்மை அளவு 20 ஆக உள்ள ஒருவரின் இரத்தத்தை, இவ்விரு நிபந்தனைகளையும் பூர்த்திசெய்யும் ஆய்வுகூடங்கள் அளந்தால், கிடைக்கும் எண் 15 க்கும் 25 க்கும் இடையில் எங்கும் விழலாம். நமது வெள்ளவத்தைக்காரரின் உண்மை அளவு 21 அல்லது 22 ஆக இருந்திருந்தால், ஒன்று சற்றுக் கீழும் மற்றது சற்று மேலும் விலகி, 18 உம் 26 உம் வருவதற்கு எந்த ஆய்வுகூடமும் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. கவலையோடு இரண்டு அறிக்கைகளையும் கையில் வைத்திருப்பவருக்கு இது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கணக்கு அதுதான்.

எல்லைக்கோடுகளும் கல்லில் பொறிக்கப்பட்டவை அல்ல. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011 இல் வெளியிட்ட அறிக்கை, 20 இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய எலும்புத் தேவைக்கும் போதும் என்றது. அதே ஆண்டில் அகச்சுரப்பியியல் சங்கம், 20 க்குக் கீழ் பற்றாக்குறை, இடைப்பட்டது போதாமை, 30 ஐ எட்டினால்தான் போதுமானது என்று எழுதியது. இங்கே பல அறிக்கைகளின் ஓரத்தில் அச்சிடப்படும் மூன்று படிகள் இரண்டாவதன் வழிவந்தவை. அச்சங்கமே 2024 இல் வெளியிட்ட புதிய வழிகாட்டியில் அந்த எல்லைகளைத் தான் இனி ஆதரிக்கவில்லை என்று அறிவித்துவிட்டது. ஆரோக்கியமான வளர்ந்தோருக்கு வழக்கமாக இப்பரிசோதனையைச் செய்வதையும் அது பரிந்துரைக்கவில்லை. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 20, 30 என்ற எல்லைகள் பிறந்த பழைய ஆய்வுகள் பலவும், இன்று இருப்பதுபோல் ஓர் உசாத்துணை அளவீட்டோடு பொருத்தப்படாத முறைகளால் அளந்தவை. அளவுகோல் தரப்படுத்தப்படுவதற்கு முன் வரைந்த கோட்டை, இன்றைய அளவுகோலில் வந்த எண்ணோடு ஒப்பிட்டு, 19.6 க்குச் சிவப்பும் 20.3 க்குக் கறுப்பும் அடிப்பதில் பொருள் குறைவு.

இப்பின்னணியோடு வழிகளை எடுத்துக்கொள்வோம்.

ஒரே ஆய்வுகூடத்தில் நிலைத்திருப்பது முதல் வழி. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரத்தைக் கொண்டும் ஒரு மணித்தியாலம் கழிந்ததைச் சரியாக அறியலாம். அதுபோல, எப்போதும் சற்றுக் கூட்டியோ குறைத்தோ காட்டும் இயந்திரமும், அதே திசையில் அதே அளவு விலகும் வரை, ஏற்ற இறக்கத்தை நேர்மையாகச் சொல்லும். சிகிச்சைக்குப் பிந்திய பரிசோதனையில் நமக்கு வேண்டியது அந்த ஏற்றமே. நாளொன்றுக்கு 1000 சர்வதேச அலகு டி3 எடுக்கும் ஒருவருக்கு, சில மாதங்களில் ஏறத்தாழ 6 முதல் 10 வரை உயர்வை எதிர்பார்க்கலாம். உடல் எடை கூடியவர்களில் அது குறையும். இந்த உயர்வையும், இரண்டு ஆய்வுகூடங்களுக்கு இடையே மேலே கண்ட 8 என்ற வேறுபாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன் பரிசோதனையை ஓரிடத்திலும் பின் பரிசோதனையை மற்றோரிடத்திலும் செய்தவர், குளிசை எதுவும் எடுக்காமலே குணமானவராகத் தோன்றலாம். ஒழுங்காக எடுத்தும் பயனில்லை என்று மனமுடைந்து அளவை இரட்டிப்பாக்கவும் கூடும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

ஒரே ஆய்வுகூடத்திலும் எண் சற்று ஆடும். இயந்திரத்தின் சிதறல் 6 சதவீதம், உடலுக்குள் நாளுக்கு நாள் நிகழும் இயல்பான மாற்றம் 7 சதவீதம் என்று கொண்டால், இரண்டு அறிக்கைகளுக்கு இடையே ஏறத்தாழ கால்வாசி வேறுபாடு இருந்தால்தான் உண்மையில் ஏதோ மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். 20 ஆக இருந்தது 23 ஆனதை முன்னேற்றம் என்றோ, 17 ஆனதைச் சரிவு என்றோ அடித்துச் சொல்ல முடியாது. மறுபரிசோதனையை மூன்று மாதத்துக்கு முன் செய்வதில் பயனுமில்லை. புதிய அளவில் இரத்தம் நிலைகொள்ள அவ்வளவு காலம் எடுக்கும்.

இவ்வழிக்குக் குறை இல்லாமலில்லை. ஆய்வுகூடத்தின் பெயர் மாறாமலே உள்ளே இயந்திரம் மாறலாம்; பொதியின் தொகுதி மாறும்போதும் சிறு விலகல் நேரலாம். பெரிய தனியார் வைத்தியசாலைகளின் சேகரிப்பு நிலையங்கள் கொழும்பு எங்கும் உள்ளன; கொட்டாஞ்சேனைக் கிளையில் கொடுத்தாலும் தெகிவளைக் கிளையில் கொடுத்தாலும் குழாய் பெரும்பாலும் ஒரே மைய ஆய்வுகூடத்துக்கே போகும் என்பதால் கிளை மாறுவது பொருட்டல்ல. சிறிய ஆய்வுகூடம் ஒன்று தன்னிடம் வசதியில்லாத பரிசோதனையை வெளியே அனுப்பலாம், அனுப்பும் இடத்தை இடையில் மாற்றவும் செய்யலாம். ஆகவே கேட்க வேண்டியது வாசலில் உள்ள பெயரை அல்ல, இரத்தம் எங்கே எந்த இயந்திரத்தில் அளக்கப்படுகிறது என்பதை.

இரண்டாவது வழி, சந்தேகம் தீர இன்னோர் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பது. மனித மனத்துக்கு இயல்பான இவ்வழியே, என் மதிப்பீட்டில், பயன் மிகக் குறைந்தது. இரண்டு எண்கள் முரண்படும்போது எது சரி என்பதை அவ்விரண்டில் எதுவும் சொல்லாது. மூன்றாவது எண்ணைத் தேடினால், அது இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் மயக்கம்தான் மிஞ்சும். மூன்றாவது ஆய்வுகூடமும் இரண்டாவது ஆய்வுகூடமும் ஒரே நிறுவனத்தின் இயந்திரத்தையே வைத்திருந்தால் இரண்டும் ஒரே பக்கம் விலகியிருக்கும். அவை ஒத்துப்போவதால் அவை சரியென்று ஆகிவிடாது. இதற்கிடையே காய்ச்சல் வந்து போயிருந்தாலோ, சத்திரசிகிச்சை நடந்திருந்தாலோ குழப்பம் இன்னும் கூடும். உடலில் கடும் அழற்சி உள்ளபோது 25-ஹைட்ரொக்ஸி விற்றமின் டியின் அளவு தானே தாழும்.

எண் ஆளோடு பொருந்தாதபோது மட்டும் இவ்வழி கைகொடுக்கும். மாதக்கணக்கில் ஒழுங்காக 2000 அலகு எடுத்துவரும் ஒருவருக்கு 6 என்று வந்தாலோ, எந்தக் குளிசையும் தொடாத ஒருவருக்கு 140 என்று வந்தாலோ அதை அப்படியே ஏற்கக்கூடாது. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது, அதே ஆய்வுகூடத்தை அழைத்து, மீதமுள்ள அதே மாதிரியை மீண்டும் ஓட்டச் சொல்வது. மாதிரிகளைச் சில நாட்கள் குளிரூட்டியில் வைத்திருப்பது வழக்கம் என்பதால் தாமதமின்றிக் கேட்டால் இது நடக்கும். குழாயில் ஒட்டிய பெயர் மாறியிருந்தால் அதுவும் அப்போது வெளிப்படும். உயர்ந்த எண்ணானால் வைத்தியர் கல்சியத்தையும் பார்க்கச் சொல்வார். வேறு ஆய்வுகூடம் அதன் பிறகுதான். போவதானால் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தை இரண்டு குழாய்களாகப் பிரித்துக் கொடுப்பது, வாரம் விட்டு வாரம் எடுப்பதை விட நேர்மையான ஒப்பீடு.

மூன்றாவது வழி, எல்.சி.எம்.எஸ் முறையைத் தேடிப் போவது. அதுவே மேலானது என்ற பேச்சு பெரும்பாலும் உண்மை, ஆனால் ஒரு நிபந்தனையோடு: நன்றாக நடத்தப்பட்டால். அமெரிக்காவின் மிகப் பெரிய ஆய்வுகூட நிறுவனங்களில் ஒன்றான குவெஸ்ட் டயக்னோஸ்டிக்ஸ், தான் கொடுத்த விற்றமின் டி முடிவுகள் சில பிழையாக இருந்திருக்கக்கூடும் என்று 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டு, ஆயிரக்கணக்கானோருக்கு இலவச மறுபரிசோதனை செய்ய முன்வந்தது. அது பயன்படுத்தியது இந்தத் திணிவு நிறமாலைமானி முறையைத்தான். தானியங்கி இயந்திரத்துக்குப் பொதி தொழிற்சாலையிலிருந்து வருகிறது, எல்.சி.எம்.எஸ் முறையிலோ பல ஆய்வுகூடங்கள் தமக்கான செய்முறையைத் தாமே வகுத்துக்கொள்கின்றன என்பதால், தளர்வு நுழைவதற்கும் இடம் அதிகம். மூட்டு வலியும் சோர்வும் கொண்ட சாதாரண முதியவருக்கு, டி3 மட்டுமே எடுப்பவருக்கு, இதற்காக அதிகப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது வழி, பரிசோதிக்காமலே மிதமான அளவு எடுப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2010 இறுதியில், குறிப்பிட்ட நோய்நிலைகள் உள்ளோரைத் தவிர மற்றவர்களின் விற்றமின் டி பரிசோதனைக்கு அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியது. 2014 இல் அவுஸ்திரேலியாவும் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் எழுபது வயது வரை நாளுக்கு 600 அலகும் அதற்கு மேல் 800 அலகும் தேவை என்றும், வளர்ந்தோருக்கு 4000 அலகு வரை பாதுகாப்பான மேல் எல்லை என்றும் அதே 2011 அறிக்கையில் சொன்னது. 18 க்கும் 26 க்கும் இடையே தவிக்கும் நமது வெள்ளவத்தைக்காரருக்கு, பெரும்பாலான வைத்தியர்கள் இரண்டு எண்களில் எதைப் பார்த்தாலும் நாளுக்கு 800 அலகிலிருந்து 2000 அலகுக்குள் ஏதோ ஓரளவைத்தான் எழுதுவார்கள். ஆய்வுகூடங்கள் முரண்படும் நடுப்பகுதி, சிகிச்சையில் அவ்வளவு முரண்பாடு இல்லாத பகுதியும் ஆகிறது. இரண்டும் 10 க்குக் கீழ் வந்திருந்தால் பற்றாக்குறையில் ஐயமில்லை. இரண்டும் 35 க்கு மேல் வந்திருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் குளிசை எடுத்தால் எல்லா வலியும் தீரும் என்ற எதிர்பார்ப்போடு இவ்வழிக்கு வருபவர் ஏமாறுவார். 25,871 பேரை உள்ளடக்கிய வைட்டல் என்ற பெரிய ஆய்வு, நாளுக்கு 2000 அலகு டி3 எடுத்தவர்களில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018 இலும், எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022 இலும் அறிவித்தது. அதில் கலந்துகொண்டோர் பற்றாக்குறை உள்ளவர்கள் என்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மையான பற்றாக்குறையால் எலும்பு மென்மையாகி வலிப்பவருக்கு இச்சிகிச்சை பெரும் மாற்றத்தைத் தரும். தேய்ந்த முழங்காலுக்கு அது மருந்தல்ல.

இவ்வழியில் கண்டிப்பாக விலக்க வேண்டியது பேரளவு ஊசி. மூன்று இலட்சம், ஆறு இலட்சம் அலகு என்று ஒரே தடவையில் ஏற்றும் வழக்கம் தெற்காசியாவில் உண்டு. ஆண்டுக்கொருமுறை ஐந்து இலட்சம் அலகு வாயால் பெற்ற முதிய பெண்களில், விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடின என்று 2010 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஒரேயொரு அறிக்கையின் ஒரேயொரு எண்ணை வைத்து இத்தகைய அளவுக்குப் போவதுதான், ஆய்வுகூட வேறுபாடு உண்மையில் தீங்காக மாறக்கூடிய இடம். நாளாந்தம் 1000 அலகு எடுப்பவருக்கு எண் ஐந்து கூடியோ குறைந்தோ இருந்தால் ஒன்றும் ஆகாது.

இனி, இக்கணக்குக்கு அடங்காதவர்கள். கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் விற்றமின் டியைக் காவும் புரதம் வெகுவாக உயரும். அதிலிருந்து முழுமையாகக் கழற்றத் தவறும் தானியங்கிப் பொதிகள் சில, இவர்களில் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளர், கடுமையான ஈரல் நோயுள்ளோர் ஆகியோரிலும் பொதிகள் தம்முள் முரண்படுவது மற்றவர்களை விட அதிகம். டி2 கொண்ட மருந்தை எடுப்பவர்களுக்கு, அதை முழுமையாக அளக்காத பொதி பயனற்றது. மருந்துப் பெட்டியில் எர்கோகல்சிபெரோல் என்றிருந்தால் அது டி2, கோலிகல்சிபெரோல் என்றிருந்தால் டி3. இவர்களுக்கு எல்.சி.எம்.எஸ் முறையைத் தேடிப் போவதில் நியாயம் உண்டு. கைக்குழந்தைகளில் நிலைமை தலைகீழாகவும் ஆகலாம்: சி3 எபிமர் எனப்படும் இரட்டை வடிவம் அவர்களிடம் கூடுதலாக இருக்கும், அதன் திணிவு அசலின் திணிவேதான் என்பதால், நிறப்பகுப்பில் அதைப் பிரிக்காத திணிவு நிறமாலைமானி இரண்டையும் சேர்த்து எண்ணி உயர்த்திக் காட்டிவிடும், பிறபொருளெதிரி கொண்டு அளக்கும் பொதிகள் பலவும் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. குழந்தையின் மாதிரியானால் எபிமர் பிரிக்கப்படுகிறதா என்று வைத்தியர் மூலம் கேட்பது தகும்.

தலைமுடி உதிர்வுக்காகப் பாமசியில் பயோட்டின் குளிசை வாங்கிச் சாப்பிடுபவர்கள் இன்னொரு கூட்டம். சில இயந்திரங்களின் அளவீட்டு வேதியியலே பயோட்டினில் தங்கியுள்ளது. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் அவ்வியந்திரங்களில் விற்றமின் டி பொய்யாக உயர்ந்து தெரியும்; தைரொய்ட் முடிவுகளும் கலங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 இல் இதுபற்றி எச்சரித்தது. புதிய பொதிகளில் இப்பலவீனம் குறைக்கப்பட்டுள்ள போதிலும், இரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துவது செலவில்லாத காப்பு. மற்றபடி, வலிப்புக்கான பெனிற்றோயின், காசநோய்க்கான ரிபம்பிசின் போன்ற மருந்துகள் அளவை உண்மையாகவே குறைக்கின்றன. அதில் ஆய்வுகூடத்தின் பிழை ஏதும் இல்லை.

ஆய்வுகூடத்தைத் தெரிந்தெடுக்கும்போது கட்டணத்தையும் வீட்டுக்கு எவ்வளவு கிட்ட என்பதையும் மட்டும் பார்க்காமல், சில விவரங்களைக் கேட்கலாம். இலங்கையில் ஆய்வுகூடங்களுக்குத் தராதர அங்கீகாரம் வழங்கும் சபை 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மருத்துவ ஆய்வுகூடங்களை அது ஐ.எஸ்.ஓ 15189 நியமத்தின்படி மதிப்பிடுகிறது. சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்ததோடு பலரும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அங்கீகாரம் பரிசோதனை வாரியாக வழங்கப்படுவது. சான்றிதழோடு இணைந்த பட்டியலில் 25-ஹைட்ரொக்ஸி விற்றமின் டி இருக்கிறதா என்பதே கேள்வி. அடுத்தது, இப்பரிசோதனைக்கென வெளியார் நடத்தும் தர மதிப்பீட்டுத் திட்டம் எதிலாவது அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா என்பது. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இதற்குப் பதில் தெரியாது, அதில் குறைகாண வேண்டியதில்லை. உள்ளே உள்ள தொழில்நுட்பவியலாளரிடமோ நோயியல் வைத்திய நிபுணரிடமோ கேட்டுச் சொல்லுங்கள் என்றால் நல்ல ஆய்வுகூடம் தயங்காது. முறையின் பெயரை அறிக்கையிலேயே அச்சிடும் ஆய்வுகூடத்துக்கு என் மனத்தில் ஒரு புள்ளி அதிகம்.

எண்ணுக்கும் ஆளுக்கும் இடையே சந்தேகம் தீராவிட்டால், நான்காவது விற்றமின் டி அறிக்கைக்குச் செலவிடும் பணத்தை வேறு பரிசோதனைக்குச் செலவிடலாம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். உண்மையான பற்றாக்குறை நீடித்தால், இரத்தக் கல்சியத்தைச் சீராக்கும் பராதைரொய்ட் ஹோர்மோன் உயரும்; எலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் அல்கலைன் பொஸ்பற்றேசு என்ற நொதியமும் உயரும். அவை இயல்பாக இருக்கையில் 18 என்பது ஒரு விதமாகவும், உயர்ந்திருக்கையில் அதே 18 வேறு விதமாகவும் வாசிக்கப்படும். ஆய்வுகூடங்களுக்கு இடையிலான சண்டையை உடலே தீர்த்துவைக்கும் வழி இது.

ஆய்வுகூடத்தை மாற்றியே ஆக வேண்டிய நிலையும் வரும். ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ திரும்புபவர்கள், வழக்கமான ஆய்வுகூடம் இயந்திரத்தை மாற்றியதை அறிந்தவர்கள் ஆகியோருக்கு அது தவிர்க்க முடியாதது. அவ்வாறு மாறும்போது பழைய எண்களை அழித்துவிடாமல், புதிய இடத்தின் முதல் எண்ணை முந்தியதோடு கூட்டவோ கழிக்கவோ செய்யாமல், புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். அறிக்கைகளை அடுக்கும் கோப்பில் திகதி, ஆய்வுகூடம், முறை, அலகு, அப்போது எடுத்துக்கொண்டிருந்த அளவு ஆகியவற்றை ஒவ்வோர் அறிக்கையின் மூலையிலும் எழுதிவைத்தால், அடுத்த முறை பார்க்கும் வைத்தியர் வேறொருவராக இருந்தாலும் எந்த இரண்டு எண்களை ஒப்பிடலாம், எவற்றை ஒப்பிடக்கூடாது என்பதை அவரால் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்ள முடியும்.